மேடையில் மட்டும் இருக்கிற கடற்கரை

மரபு நடைக்கு வருகிறவர்களுக்கு ராயபுரத்தில் காட்ட எனக்கு நிறைய இருக்கிறது. 1856இல் திறந்த ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது, தூண்களைத் தொட்டே பார்க்கலாம். மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெங்கும் அப்படி ஒன்று கிடையாது. படகோட்டிகள் தங்கள் சம்பாத்தியத்தில் 1829இல் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஸ்டான்லி மருத்துவமனை. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. வயதானவர்கள் வாயில் இன்றைக்கும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான்.

நடை முடியும்போது யாராவது கேட்பார்கள்: “பீச்சுக்குப் போகலாமா?”

அங்கேதான் கை நின்றுபோகும். காட்டுவதற்குக் கருங்கல் பாறைகளைக் கொட்டிய சுவர் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் அலை இருக்கிறது. மணல் இல்லை. என் ஆயா சிறுமியாக இருந்தபோது காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு எடுத்துப்போய் உட்கார்ந்த மணல் அது. “அலை கிட்ட போறதுக்குள்ள கால் சுட்டுடும், அவ்ளோ தூரம்” என்பார். அந்தத் தூரம் முழுவதும் இப்போது கடல்.

நான் மேடை ஏறியதற்கு இதுதான் காரணம். இருப்பதைக் காட்ட நடை போதும். போனதைக் காட்ட வேண்டுமானால் உட்கார்ந்து கேட்கிற ஜனமும், எதிரில் நின்று சொல்கிற ஒரு குரலும் தேவை. ஆகவே வடசென்னையின் கதையைத் தனிநபர் நாடகமாகச் செய்து வருகிறேன். சர்ச் ஹால், பள்ளிக்கூட மாடி, குப்பத்துத் தெரு, சங்கக் கட்டடம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். பொருட்கள் கொஞ்சம்தான்: ஒரு மர ஸ்டூல், தென்னங்கயிறு, பிளாஸ்டிக் பக்கெட், தீப்பெட்டி, ஒரு பலூன். புரொஜெக்டர் வைத்துக்கொள்வதில்லை. படம் போட்டால் ஜனம் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கை காட்டும் வெற்றிடத்தில் கடற்கரையைப் பார்க்காது.

தனியாக ஒரு ஆள் நின்று ஊரையே கண்ணுக்குமுன் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வடசென்னைக்கே சொந்தமான சம்பவம் ஒன்றும் உண்டு. ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்த சிறுவன் ராமலிங்கம், புராணப் பிரசங்கம் செய்யும் அண்ணன் சபாபதிக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாளில் அவருக்குப் பதிலாகப் பெரியபுராணம் சொல்லப் போய், கேட்டவர்களை எழுந்திருக்கவிடாமல் உட்கார வைத்தான் என்பார்கள். அந்தப் பையன்தான் பின்னால் வள்ளலார். அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் கதையின் அச்சில் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார், 1949இல் வந்த ‘நல்ல தம்பி’ படத்திலும் அது உண்டு. பழைய பாத்திரத்தில் புதுச் சோறு வடிக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர். நியூயார்க்கில் திமொத்தி ‘ஸ்பீட்’ லெவிட்ச் என்ற சுற்றுலாப் பேருந்து வழிகாட்டி இருந்தார். மாடிப் பேருந்தில் நின்றபடி அவர் பேசிய பேச்சே 1998இல் ஒரு ஆவணப்படமானது. வழிகாட்டியின் பேச்சுக்குள் ஒரு நாடகம் ஒளிந்திருக்கிறது என்று அதைப் பார்த்தபோது எனக்கு உறுதியாயிற்று.

நம் ஊரில் இதற்கு வாசல் திறந்தது மெட்ராஸ் தினம். 1639 ஆகஸ்ட் 22இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கரையில் நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டதை வைத்து, 2004இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் நடை, பேச்சு, புகைப்படக் காட்சி என்று ஆகஸ்ட் களைகட்டியது. ஆனால் வெளியூர்க்காரர்களை ஏற்றிவரும் வேன் இன்றும் ஜார்ஜ் கோட்டையோடு திரும்பிவிடுகிறது. அதற்கு வடக்கே ஊரே இல்லாத மாதிரி.

நாடகம் கயிற்றில் தொடங்கும்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடும், கிட்டே வராது. ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். ஆணி அடித்த படகு இந்த அலைக்குப் பிளந்துவிடும். அதனால் மசூலாவின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை அடித்தால் படகு வளையும், உடையாது. ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களுக்கு நடுவே கயிறு கோத்தபடி இதைச் சொல்வேன். அந்தத் தையலைச் சொல்லிக் கொடுத்தவர் காசிமேட்டில் வலை பொத்துகிற பெரியவர் ஒருவர். கயிற்றை ஈரப்படுத்தி, பெருவிரலால் அழுத்தி, இழுத்த இழுப்பு தளராமல் அடுத்த துளைக்குப் போக வேண்டும். “பேசிக்கினே தைக்காதம்மா, தளந்துரும்” என்று அவர் சொன்னதால், அந்த இடத்தில் சில வினாடி வாயை மூடிக்கொண்டு தைப்பேன். அரங்கமும் சேர்ந்து அமைதியாகிவிடும்.

பிறகு துறைமுகம் வருகிறது. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் போட்டார்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். இரண்டு கைகளைப் போலக் கடலுக்குள் கல்லணை நீட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் வந்து அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கே திறந்திருந்த வாசலை அடைத்து, வடகிழக்கில் வாசல் வைத்தார். துறைமுகம் நிலைத்தது. நகரம் பெருத்தது. என் அப்பா உட்பட எத்தனையோ பேருக்கு அங்கேதான் சோறு. அப்பா வின்ச் ஓட்டினார்.

ஆனால் மணலுக்கு என்ன ஆயிற்று?

இதை விளங்க வைக்கத்தான் நான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறேன். நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக வந்து மோதி, மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். அந்த நீரோட்டத்தைக் குப்பத்தில் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வரும், ஆனால் போனதில் ஒரு பங்குதான். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நடக்கிறது. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், மனசில் நிற்காது. அதனால் கூட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்துவேன். பக்கெட்டில் இருக்கும் மணலைக் கையால் அள்ளி அடுத்தவர் கையில் கொட்டு, அவர் அதற்கடுத்தவர் கையில் கொட்டட்டும். வாங்கு, கொடு. எல்லார் கையிலும் எப்போதும் மணல் இருக்கும். இப்போது மூன்றாவது பிள்ளையிடம், “நீ துறைமுகம், கையைக் கட்டிக்கோ” என்பேன். ஒரு நிமிடத்தில் இரண்டாவது பிள்ளையின் கையிலிருந்து மணல் வழிந்து காலடியில் குவியும். நான்காவது பிள்ளை தனக்குக் கொடுக்க ஆளில்லாமல் தன் கையில் இருந்ததையும் ஐந்தாவதிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். காலடியில் குவிகிறதே, அது மெரினா. துறைமுகத்தின் கை நீண்ட பிறகுதான் அங்கே மணல் அகன்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வெறுங்கை ராயபுரம்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் இதைச் செய்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தே விட்டார். “கண்ணு, அந்த நாலாவது புள்ள நாங்கதான். அஞ்சாவதும் நாங்கதான். ராயபுரத்துக்குக் கல்லு கொட்டுனாங்க, அலை இங்க வந்துச்சு. எங்களுக்குக் கல்லு கொட்டுனாங்க, அது எர்ணாவூருக்குப் போச்சு. எங்க மாரியாத்தா கோயிலு இருந்த இடத்துல இப்ப கட்டுமரம் போவுது.” அவர் சொன்னது அறிவியல்படியும் அப்படியே சரி. ஓரிடத்தில் கல் கொட்டிக் கரையைக் கட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே நகரும். அன்றிலிருந்து அந்தக் காட்சியில் ஏழு, எட்டு என்று பிள்ளைகளைக் கூட்டிவிட்டேன்.

ரயில் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுவேன், அதைத்தான் நடையிலேயே பார்க்க முடிகிறதே. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்ட இடம். பம்பாயிலும் தாணேயிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை, இது இருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் கர்வத்தோடேயே சொல்வேன்.

எம்டன் இரவுக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிடுவேன். 1914 செப்டம்பர் 22. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இருட்டில் வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் போட்டது. நான் ஒரே ஒரு தீக்குச்சி கிழிப்பேன். அது எரிந்து விரலைத் தொடும்வரை, அந்த இரவில் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய ஒரு குடும்பத்தின் பேச்சு. தீப்பெட்டி விஷயமாக ஒன்று சொல்லாமல் போகக் கூடாது. சுவீடன்காரர்களின் கம்பெனியான விம்கோ திருவொற்றியூரில் தீப்பெட்டி செய்தது. இன்று அந்தப் பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, 2021இல் திறந்தார்கள்.

அடுத்தது மழை. 1949 செப்டம்பர் 18 அன்று ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அந்த மழையை ஜனம்தான் பெய்விக்க வேண்டும். முதலில் ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்டச் சொல்வேன், பிறகு இரண்டு விரல், பிறகு நான்கு. ஹாலே நனைந்தது போலாகிவிடும். கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் என்று பார்க்காமல் எல்லாரும் தட்டுவார்கள். அந்த ஓசைக்கு மேலே குரலை உயர்த்தி நான் பேச வேண்டும். மைக் இல்லாமல் பேசிப் பழகியவர்களுக்குத்தான் அது வரும், எனக்கு வருவது எண்ணூர் நெடுஞ்சாலையின் புண்ணியம். கன்டெய்னர் லாரி போகும்போது நிறுத்தி, போனபின் தொடர்வது நடை வழிகாட்டியின் முதல் பாடம். குப்பத்தில் நாடகம் நடக்கும்போது லாரி ஹாரன் அடித்தால், அதையும் ஒரு பாத்திரமாக வைத்துப் பதில் சொல்லிவிடுவேன்.

பலூனைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஊதி, முடிச்சுப் போட்டு, காற்றில் தட்டிவிட்டுக் கேட்பேன்: “இது எதுவாகப் போகிறது சொல்லுங்கள்?” டயராக. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எப். 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று, எண்ணூரில் லாரி செய்தது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. நாடெல்லாம் பெருமையாக ஓட்டிய புல்லட் இங்கேதான் செய்யப்பட்டது. மணலியில் 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. ஊருக்குக் கடிகாரமே ஆலைச் சங்குதான். முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் அடுப்பு பற்றவைக்க வேண்டும், அடுத்த சங்குக்குச் சாப்பாட்டுத் தூக்கு வாசலில் இருக்க வேண்டும். கொஞ்சம் மேற்கே, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. திரு.வி.க., பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு பெயர்களைச் சொல்லும்போது, கேட்பவர்களில் யாராவது ஒருவர் தன் தாத்தாவின் டோக்கன் எண்ணைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இங்கே ஒரு கோயில் கதையை நுழைப்பேன். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யப் போகிறேன், அந்நேரம் நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று ஈசனிடமே ஏற்பாடு செய்து வைத்தார். ஈசன் சங்கிலியாரின் கனவில் வந்து சொல்லிவிட்டார். அந்தப் பெண், “மகிழ மரத்தடியிலேயே சத்தியம் செய்யுங்கள்” என்றாள். சுந்தரர் செய்தார். ஒருநாள் மீறினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று. நான் சங்கிலியாராக நின்று இதைச் சொல்வேன். பிறகு அதே இடத்தில் நின்று, அதே குரலில், எண்ணூருக்குக் கொடுத்த வாக்குகளைக் கேட்பேன். வீட்டுக்கு ஒரு வேலை என்றீர்களே. சாம்பல் ஆற்றில் கலக்காது என்றீர்களே. இந்தப் பகுதியை எழுதும்போது கை நடுங்கியது. இப்போதும் சொல்லும்போது குரலில் அது வந்துவிடுகிறது, அடக்க முயல்வதில்லை.

ஏனென்றால் நகரத்துக்கு எண்ணூர் கொடுத்தது கொஞ்சமல்ல. 1800களின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாயில் எண்ணூரிலிருந்து உப்பும் விறகும் பட்டணத்துக்குப் படகில் போயின. அதுதான் பின்னால் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியானது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது, 2017 வரை கொடுத்தது. அதற்கு வடக்கே 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. விளக்கு நகரம் முழுவதும் எரிந்தது. நிலக்கரிச் சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்தது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடித்த மக்களின் கைக்குச் சாம்பல் சேறு தட்டுப்பட்டது. டி.எம். கிருஷ்ணா அந்தச் சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே நின்று பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017 ஜனவரியில் வெளியானது, எழுதியவர் கபேர் வாசுகி. எண்ணூரைப் பற்றித் தெரியாதவர்களையும் அது கேட்க வைத்தது.

அதே ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கொட்டிக் கரை முழுவதும் கறுப்பாயிற்று. எர்ணாவூரில் மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். பிள்ளைகள் மணல் அள்ளிய பக்கெட்டை இங்கே மறுபடி எடுப்பேன். குனிந்து, அள்ளி, பின்னால் இருப்பவருக்குக் கொடுக்கும் அசைவு மட்டும். வசனம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி வந்தபோது, இந்தக் காட்சியை இன்னும் நீட்ட வேண்டியதாயிற்று.

மேடையில் நான் பேசுவது ராயபுரத்துத் தமிழ். தொடக்கத்தில் ஒரு நண்பர், “சபா ஆட்களுக்குப் புரியாது, மாற்றிக்கொள்” என்றார். நான் மாற்றவில்லை. சினிமாவில் இந்த மொழி கத்தியோடும் கள்ளச் சாராயத்தோடுமே அதிகம் வந்திருக்கிறது. ‘சார்பட்டா பரம்பரை’ போல மரியாதையோடு வந்தவை சில. இந்தத் தமிழில் ரயில் வரலாறு சொல்லலாம், கடல் அறிவியல் சொல்லலாம், சுந்தரரின் சத்தியத்தையும் சொல்லலாம். தன் வீட்டுப் பேச்சு மேடையில் வருவதைக் கேட்கும் பிள்ளையின் முதுகு நிமிர்வதை நான் எதிரில் நின்று பார்க்கிறேன்.

கடைசிக் கால் மணி நேரம் என்னுடையதல்ல. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் வைத்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, கோட்டைக்கு வடக்கே நடந்த ஒன்றைச் சொல்லலாம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், சத்தம் கேட்காத கப்பல் அடித்தளத்துக்கு மேலிருந்து வின்ச் டிரைவருக்குக் கை ஜாடை காட்டுவதை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்: மெதுவாக இறக்கு, நிறுத்து, இடப்பக்கம் திருப்பு, ஆள் இருக்கிறான். அந்த ஜாடைகள் இப்போது நாடகத்தில் இருக்கின்றன. ஒரு பாட்டி, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் தனக்குப் பிரசவம் பார்த்த ஆங்கிலோ இந்திய நர்ஸ் எப்படித் திட்டுவார் என்று நடித்தே காட்டினார். அதுவும் இருக்கிறது.

அடுத்தது எர்ணாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், மாலை ஆறரைக்கு. டிக்கெட் இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே வாருங்கள். உப்பு வாருகிற பலகையை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும் என்று நீங்கள் எனக்குச் செய்து காட்ட வேண்டும்.